வலுவும் வில்லும்

இயந்திரத்தின் வலுவைக் கூட்டுதல் எளிது. அவ்வலுவைத் தாங்கும் அடிப்பகுதியைச் செப்பஞ் செய்தலே அரிது. 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிற் செய்யப்பெற்ற வலுமிக்க மோட்டார் வண்டிகள் இதற்குத் தக்க சான்றாவன. 1964இல் வெளிவந்த போர்ட் மஸ்டாங் முதலியவற்றின் முன்புறத்தே பேராற்றல் வாய்ந்த இயந்திரம். பின்னச்சைத் தாங்கினவோ குதிரைவண்டிக் காலந்தொட்டு வழங்கிவரும் தகட்டு விற்களே.

1967ஆம் ஆண்டுச் செவ்ரோலெற் கமாரோவில் பக்கத்துக்கு ஒரே தகடுதான் இருந்தது. வண்டி விசையுடன் புறப்படுங்கால் அச்சின் முறுக்கத்தால் அத்தகடு நெளிந்தது; பின்சில்லுகள் துள்ளின. எனவே, 1968இல் வலுக்கூடிய வகைகளுக்குப் பல தகடுகள் அடுக்கிய விற்கள் அமைக்கப்பட்டன. கிறைஸ்லர் நிறுவனத்தாரோ அச்சை வில்லின் நடுவிற்கு முன்னே பொருத்தினர். குறுகி விறைத்த முற்பாகம் முறுக்கத்தை எதிர்த்து நின்றது.

இன்று இவ்வண்டிகளைப் பேணுவோர் பலர் அகன்ற ரயர்களுக்கு இடந்தேடி, விற்களை உட்புறமாக அரை அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை நகர்த்துகின்றனர். வலுவுக்கேற்ப வில்லை மாற்றுவது வேண்டற்பாலதே. ஆனால், ரயரின் அழகுக்காக மட்டும் வில்லை இடம்பெயர்த்தல் தகாது என்பதே எமது கருத்து.

காரணம் பௌதிகம் பயிலும் மாணவர்க்கு எளிதில் விளங்கும். வண்டி பக்கஞ் சாய்வதை விற்கள் தம் விறைப்பால் எதிர்க்கும் ஆற்றல், அவற்றின் இடைத்தூரத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. 44 அங்குல இடைத்தூரம் 38 அங்குலமாயின் அவ்வெதிர்ப்பில் ஏறக்குறையக் காற்பங்கு குறைந்துவிடும். அகன்ற ரயர் நிலத்தை இறுகப் பற்ற, வளைவிலே உடல் முன்னிலும் மிகச் சாயும். மேலும், அச்சின்மீதுள்ள வில்லிருக்கைகளை அறுத்துப் புதிய இடத்தில் உருக்கி ஒட்டல் வேண்டும். அப்போது சுழல்தண்டு அச்சுடன் கூடுங் கோணம் பிழைத்தால் அதிர்வும் தேய்வும் உண்டாகும். தனிச்சட்டமின்றி உடலே சட்டமாக அமைந்த வண்டியில் தகட்டை வெட்டினால் முழு உடலும் நலியும்.

ஆதலின், முதலில் தரமான பல்தகட்டு விற்களையும் அதிர்வு தாங்கிகளையும் பூட்டிப் பார்த்தல் நன்று. இடமாற்றம் இன்றியமையாததாயின் சாய்வைத் தடுக்குந் தண்டும் உடன் சேர்தல் வேண்டும். அளவெடாது அறுக்கத் துணியும் காராஜிடம் வண்டியை ஒப்படைத்தல் ஆகாது. அவ்வண்டியில் அமர்வோர் உயிர் மட்டுமன்றி, எதிரே வருவோர் உயிரும் அவ்வொட்டிலேயே தங்கியிருக்கின்றது.