தண்டனையின் கடுமையா, பிடிபடும் உறுதியா?

2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலால் முடங்கின. நோயாளர் பதிவும் ஆய்வக முடிவுகளும் பல நாள்கள் கையால் எழுதப்பட்டன. இத்தகைய செயலைப் புரிவோருக்கு எந்தத் தண்டனையும் தகும் என்று எழும் சினம் இயல்பானதே. எனினும், சினம் சட்டத்துக்கு நல்ல வழிகாட்டியன்று.

குற்றத்தையும் தண்டனையையும் பொருளியல் நோக்கில் 1968-இல் ஆராய்ந்தவர் கேரி பெக்கர். அவரது ஆய்வின்படி, குற்றம் புரிய எண்ணுபவர் இரண்டைக் கணக்கிடுகிறார்: பிடிபடும் வாய்ப்பு எவ்வளவு, பிடிபட்டால் தண்டனை எவ்வளவு? முதலாவதை உயர்த்தப் பயிற்சி பெற்ற காவலர்களும் ஆய்வகங்களும் வேண்டும். அதற்குப் பெரும்பணம் செலவாகும். இரண்டாவதை உயர்த்தச் சட்டத்திருத்தம் ஒன்றே போதும். அரசுகள் எளிய வழியை நாடுவதன் காரணம் இதுவே. ஆனால், பிடிபடும் வாய்ப்பு ஏறத்தாழச் சுழியமாக இருக்கையில், தண்டனையை எத்தனை மடங்காக்கினாலும் பயன் சொற்பமே.

2004-இல் பிரிட்டனின் கடலோரக் காவல் நிலையங்கள் வரை பாதித்த ‘சாசர்’ நச்சுநிரலை எழுதியவர், 17 வயது ஜெர்மானிய மாணவர். மைக்ரோசாப்ட் நிறுவனம் அறிவித்திருந்த வெகுமதித் திட்டத்தை அறிந்த சிலர் தகவல் தந்ததாலேயே அவர் சிக்கினார். தகவல் தந்தோருக்கு 2,50,000 டாலர் வழங்கப்பட்டது. அந்த மாணவருக்கோ 21 மாதச் சிறைத்தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. செலவிட்ட பணம் கண்டுபிடிப்புக்குப் பயன்பட்டது. இளைஞரின் எதிர்காலமும் அழியவில்லை.

இந்தியாவில் தண்டனைக்குப் பஞ்சமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. கணினிவழிப் பயங்கரவாதத்துக்கு ஆயுள் சிறை வரை உண்டு. பஞ்சம் புலனாய்வில்தான் உள்ளது. இக்குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அலுவலரே விசாரிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். அவர்களோ ஏற்கெனவே பணிச்சுமையில் திணறுகிறார்கள். நாடுகள் மின்னணுச் சான்றுகளைப் பகிர வகைசெய்யும் 2001-ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் உடன்படிக்கையிலும் இந்தியா இணையவில்லை. எல்லை கடந்து வரும் குற்றவாளியை எல்லைக்குள் மட்டுமே தேடுவது எவ்வாறு பயன்தரும்?

மருத்துவமனையை முடக்கிப் பணம் பறிக்கும் கும்பலுக்கு நீண்ட சிறை தகும். திறமையைக் காட்ட அத்துமீறிய இளைஞருக்கு இழப்பீடும் கண்காணிப்பும் போதும். பாதுகாப்புக் குறையைக் கண்டறிந்து நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பே வேண்டும். மூவரையும் ஒரே தராசில் நிறுத்தும் கடுமை, உதவ முன்வருபவரைத்தான் முதலில் அச்சுறுத்தும். பிடிபட மாட்டோம் என்று நம்பும் கும்பலை அது அசைக்காது.