ஊருக்கேற்ற கல்வியா, ஊரோட கட்டிப்போடுற கல்வியா?

"எல்லாரும் டொக்டர், எஞ்சினியர் ஆக ஏலாது. கிராமத்துப் பிள்ளையள் ஒரு தொழிலைப் பழகட்டும்."

வடக்கில் கல்வி பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும், மேடையில் இருக்கிற ஒருவராவது இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. சொல்கிறவரின் மகன் எங்கே படிக்கிறான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அவன் அநேகமாக நகரத்துப் பெரிய கல்லூரி ஒன்றில் கணிதப் பிரிவில் இருப்பான். பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். தொழில் பழக வேண்டியது எப்பவும் மற்றவையின்ர பிள்ளைதான்.

தொழிற்கல்வி வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வேணும், கட்டாயம் வேணும். ஆனால் "உள்ளூர்த் தேவைக்கேற்ற கல்வி" என்ற வடிவான வார்த்தைக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அந்தத் தேவை என்னவென்று தீர்மானிக்கிறது யார்? அந்தக் கல்வி யாருடைய பிள்ளைக்கு? இந்த இரண்டுக்கும் நேரே பதில் சொல்லாத எந்தத் திட்டமும், கிராமத்துப் பிள்ளையைச் சுற்றி அடைக்கிற வேலியாகத்தான் முடியும்.

முதலில் பள்ளிக்கூடங்களின் நிலைமையைப் பாருங்கோ. இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவு உள்ளவை, அதாவது 1ஏபி வகைப் பாடசாலைகள், ஏறத்தாழ பத்தில் ஒன்று. மிச்சத்தில் உயர்தரம் இருந்தாலும் கலையும் வர்த்தகமும்தான். துணுக்காய்ப் பக்கமோ கொக்கிளாய்ப் பக்கமோ ஒரு பிள்ளை ஓ.எல். எழுதி முடித்துவிட்டு உயிரியல் படிக்க ஆசைப்பட்டால், அது ஆசையாக மட்டும் இருந்தால் போதாது. பஸ், தங்குமிடம், ரியூசன் காசு எல்லாம் வேணும். அந்தப் பிள்ளையிடம் போய் "உனக்குத் தொழிற்கல்விதான் பொருத்தம்" என்று ஆலோசனை சொல்கிறோம். பொருத்தம் பார்த்தது யார்? மற்றக் கதவுகளைப் பூட்டிவிட்டு, திறந்திருக்கிற ஒரு கதவைக் காட்டி "இதுதான் உன்ர விருப்பம்" என்று சொல்வதற்குப் பெயர் வழிகாட்டல் இல்லை.

இது எங்களுக்குப் புதுக்கதையும் இல்லை. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் கனிஷ்ட இடைநிலை வகுப்புகளுக்குத் தொழில் முன்னிலைப் பாடங்கள் கொண்டுவரப்பட்டன. அந்தந்த ஊரில் நடக்கிற தொழிலைப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிப்பது நோக்கம். கடற்கரையில் மீன்பிடி, வயற்கரையில் விவசாயம், களிமண் கிடைக்கிற இடத்தில் மட்பாண்டம். கடதாசியில் பார்த்தால் இன்றைக்கும் கைதட்டலாம். 1977 ஆட்சி மாற்றத்தோடு அது காணாமல் போனது. ஆட்சி மாறினது மட்டும் காரணமில்லை. பயிற்றப்பட்ட ஆசிரியர் போதாது, கருவி போதாது, மேலே ஏற ஒரு வழி தெளிவாக இல்லை. மீன் பிடிக்கிறவனின் பிள்ளைக்கு மீன் பிடிக்கப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு, அதை அப்பனே பழக்குவாரே என்று சனம் கேட்டது. தமிழ்ப் பெற்றோருக்கு இன்னொரு பயமும் இருந்தது. தரப்படுத்தல் வந்ததும் அதே காலத்தில்தான். பல்கலைக்கழகக் கதவு ஒடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் "பிள்ளை கைத்தொழில் பழகட்டும்" என்றால் எந்தத் தாய் தகப்பன் நம்புவினம்?

இப்படிச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "எங்கட சனத்துக்கு உத்தியோக மோகம். கோழி மேய்ச்சாலும் கோர்ணமேந்திலதான் மேய்க்கோணும்." சிரித்துவிட்டுக் கடந்துபோகிற பழமொழி இது. ஆனால் இந்தப் பழமொழியில் முட்டாள்தனம் எதுவும் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது.

1965இல் பிலிப் ஃபொஸ்டர் என்ற ஆய்வாளர் கானா நாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அங்கேயும் பிள்ளைகள் விவசாயப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏட்டுக் கல்விக்கு ஓடுகிறார்கள், அது மனப்பாங்குப் பிழை என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபொஸ்டர் அதை மறுத்தார். நல்ல சம்பளமும் பாதுகாப்பும் எந்தப் படிப்பால் கிடைக்கிறது என்பதைப் பிள்ளைகள் சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள், அந்த அர்த்தத்தில் ஏட்டுக் கல்விதான் உண்மையான தொழிற்கல்வி என்றார். பாடத்திட்டத்தை மாற்றி வேலைச் சந்தையை மாற்ற ஏலாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதை எங்கட ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கோ. 2020இல் அரசாங்கம் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுத்தது. என்ன பட்டம் என்பது பெரிய விசயமாக இருக்கவில்லை, பட்டம் இருந்தால் சரி. மறுபக்கம், ஒரு கராஜில் வேலை பழகுகிற பெடியனை நினைத்துப் பாருங்கோ. சட்டப்படி அவனுக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்க வேணும். முதலாளி 12 சதவீதம், அவன் 8 சதவீதம். அதுக்கு மேலே ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம். எத்தனை கராஜில், எத்தனை வெல்டிங் கடையில் இது கட்டுப்படுகிறது? விரல் போனால் யார் பொறுப்பு? நாற்பது வயதில் முதுகு போனால் என்ன செய்வான்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத வரைக்கும், கவர்மென்ற் வேலையை விரும்புகிற தாயைப் பார்த்து "மனப்பாங்கு மாறோணும்" என்று பேசுவது அவமரியாதை. தொழிலுக்கு மரியாதை வேணும் என்றால் அதைச் சேமலாப நிதியில், காப்புறுதியில் காட்டுங்கோ. கருத்தரங்கு வைத்துக் காட்டத் தேவையில்லை.

சரி, "உள்ளூர்த் தேவை" என்றால் என்ன?

யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் இந்தச் சொல்லுக்கு நடைமுறையில் கிடைத்த பெரிய அர்த்தம் ஆடைத் தொழிற்சாலை. அங்கே வேலை செய்கிற எங்கட அக்காமாரைக் குறைத்துச் சொல்லவில்லை. எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை கொலர் என்று தைக்கப் பழக்குவதற்குப் பொதுப் பணத்தில் ஒரு பாடநெறி தேவையில்லை. அதைத் தொழிற்சாலை தன்ர காசில், தன்ர தேவைக்குப் பழக்கிக்கொள்ளும். முதலாளி பழக்காததை, பழக்க விரும்பாததை, நாளைக்கு அந்தத் தொழிற்சாலை மூடினாலும் பிள்ளையின் கையில் மிஞ்சுவதைத்தான் பள்ளிக்கூடம் படிப்பிக்க வேணும்.

ஊருக்கு என்ன தேவை என்று அறிய வேண்டுமா, ஊரைச் சுற்றிப் பாருங்கோ. முல்லைத்தீவுக் கரையில் பைபர் படகுகள், அவற்றில் வெளியிணைப்பு இயந்திரங்கள். எஞ்சின் பழுதானால் தொழில் நிற்கும். மீன் ஐஸ் போட்டு லொறியில் தெற்குக்குப் போகிறது. பதப்படுத்தி, பொதி செய்து விற்கிற இலாபமும் அதோடு சேர்ந்தே போகிறது. இரணைமடுவின் கீழே வயல், வயலுக்கு லான்ட்மாஸ்டர், தண்ணிப் பம்ப், நெல்லு வெட்டுற மெஷின். பாலுக்குக் குளிரூட்டி. ஆனையிறவில் உப்பு விளைகிறது, 2025இல் அங்கே மேசை உப்புத் தொழிற்சாலையும் திறந்தார்கள். பளைப் பக்கம் போனால் காற்றாலைகள் சுத்திக்கொண்டு நிற்கின்றன. அதுக்குக் கீழே நடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, அதில் ஏறி வேலை செய்யிற படிப்பு ஒன்று இருக்கு என்று தெரியும்?

பாடத்திட்டத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்ல ஏலாது. ஓ.எல். தொழினுட்பப் பாடத் தொகுதியை எடுத்துப் பாருங்கோ. நீர் உயிரின வளத் தொழினுட்பவியல் இருக்கு. விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் இருக்கு. இயந்திரம், மின், கட்டடம் எல்லாம் இருக்கு. ஆனால் கடற்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் போய் எத்தனை பேர் நீர் உயிரின வளம் படிக்கினம் என்று கேளுங்கோ. ஆசிரியர் இருக்கிற பாடத்தைத்தான் பிள்ளை எடுக்கும். ஆசிரியர் இருப்பது சுகாதாரமும் உடற்கல்வியும் என்றால், எல்லாரும் சுகாதாரம்தான். பாடம் இருப்பது கொழும்பில் அச்சடித்த பட்டியலில், பிள்ளை இருப்பது வகுப்பில்.

2013இல் உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தது. அது உண்மையான ஒரு முன்னேற்றம். பொறியியல் தொழினுட்பமும் உயிர்முறைமைகள் தொழினுட்பமும் படித்த பிள்ளைகள் பல்கலைக்கழகத் தொழினுட்பப் பீடங்களுக்குப் போனார்கள், யாழ் பல்கலைக்கழகத்தின் தொழினுட்பப் பீடம் கிளிநொச்சியிலேயே இருக்கு. பெற்றோர் இந்தப் பிரிவை நம்பினதுக்குக் காரணம் எளிது: மேலே கதவு திறந்திருந்தது. பிறகு 2017இல் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் வந்தது. ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும் பிள்ளை 13ஆம் தரம் வரை தொழிற்கல்விப் பிரிவில் படிக்கலாம், தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். நோக்கம் நல்லது. ஆனால் ஊரில் அதுக்கு வந்த பெயர் என்ன? "ஓ.எல். பெயிலானவையின்ர வகுப்பு." சோதனையில் விழுந்த பிள்ளைகளுக்கென்று ஒரு பிரிவைத் திறந்துவிட்டு, அந்தப் பிரிவை ஏன் மதிக்கினம் இல்லை என்று ஆச்சரியப்படுவது எங்களுக்குக் கைவந்த கலை.

இதுக்குள்ளே பெண் பிள்ளை, ஆண் பிள்ளை வேறுபாடு வேற. பெட்டையளுக்குத் தையல், கேக், அழகுக்கலை. பெடியளுக்கு மோட்டார், வயரிங். குடும்பத்தைப் பெண்களே தாங்குகிற வீடுகள் இவ்வளவு இருக்கிற மண்ணில், சம்பளம் கூடின தொழிலைப் பெடியளுக்கு எழுதி வைப்பது எந்த ஊர்த் தேவை?

இன்னொரு பல்லவி ஜேர்மனி. "ஜேர்மனியைப் பாருங்கோ, அங்க தொழிற்கல்விக்கு எவ்வளவு மதிப்பு." பார்க்கத்தான் வேணும், முழுசாகப் பார்க்க வேணும். அங்கே தொழில் பழகுகிற பிள்ளைக்கு நிறுவனத்தோடு எழுத்து ஒப்பந்தம் இருக்கு. பழகுகிற காலத்திலும் மாதக் கொடுப்பனவு இருக்கு. தொழிற்சங்கம் இருக்கு. பத்து வயதளவில் பிள்ளைகளை வேறு வேறு பள்ளிக்கூடத்துக்குப் பிரிக்கிற அவர்களின் முறைக்கு அங்கேயே கடும் விமர்சனமும் இருக்கு. நாங்கள் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுப் பிரிப்பதை மட்டும் கொண்டுவரப் பார்க்கிறோம். 2016இல் அறிவியல் நகரில் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் நல்லதொரு வளம். ஆனால் அது ஏ9 வீதிக்கரையில். உள்ளூர்க் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கும் அதுக்கும் இடையில் ஒரு பாலம் வேணும், ஒரு பஸ்ஸும் வேணும்.

சும்மா குறை சொல்கிறதோடு நிற்காமல், என்ன கேட்க வேணும் என்பதையும் சொல்கிறேன்.

ஒன்று, வலயத்தில் எந்தப் பாடநெறி நடக்க வேணும் என்று முடிவெடுக்கிற மேசையில் கடற்றொழிலாளர் சங்கமும், கமக்காரர் அமைப்பும், பால் கூட்டுறவும், கராஜ்காரரும் இருக்க வேணும். மாணவர்களும் இருக்க வேணும். ஆள் எடுக்கிற கொம்பனி மட்டும் இருந்தால் அது கொம்பனியின் தேவைப் பட்டியல்.

இரண்டு, கைவேலை தெரிந்தவரைப் பள்ளிக்கூடத்துக்குள் எடுங்கோ. எங்கட ஓடாவிமாரிடமும் எஞ்சின் திருத்துகிறவர்களிடமும் இல்லாத அறிவா? முன்கற்றலை அங்கீகரித்துத் தேசிய தொழில் தகைமை கொடுக்கிற வழி ஏற்கெனவே இருக்கு. அவர்களுக்கு அந்தத் தகைமையும் கொடுத்து, சம்பளமும் கொடுத்துப் படிப்பிக்க விடுங்கோ.

மூன்று, பிள்ளை பயிற்சிக்குப் போகிற இடத்தில் எழுத்து ஒப்பந்தம், கொடுப்பனவு, விபத்துக் காப்புறுதி. இவை இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பினால் அது பயிற்சி இல்லை, சம்பளமில்லாத வேலை.

நான்கு, மேலே போகிற வழி. தேசிய தொழில் தகைமை ஏழு மட்டம், ஏழாவது பட்டத்துக்குச் சமம். நாலாம் மட்டத்தோடு நிற்கிற பிள்ளை தன்ர விருப்பத்தில் நிற்க வேணும், வழி தெரியாமல், தமிழில் அடுத்த பாடநெறி இல்லாமல் நிற்கக் கூடாது.

ஐந்தாவதுதான் முக்கியம். இந்தத் தொழிற்கல்விப் பிரிவை நகரத்துப் பெரிய கல்லூரிகளிலும் தொடங்குங்கோ, நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும் விரும்பிச் சேருகிற மாதிரி. அதே நேரம் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான ஆசிரியரை அனுப்புங்கோ. ரெண்டு கதவும் ரெண்டு இடத்திலும் திறந்திருந்தால்தான் தெரிவு என்ற சொல்லுக்கு அர்த்தம் வரும்.

இதில் அரசாங்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எங்கட பழைய மாணவர் சங்கங்களுக்கு வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது. அந்தக் காசு எங்கே போகிறது? நுழைவாயில் வளைவு, சிலை, மண்டபம், நூற்றாண்டு மலர். அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கோ: "வளைவுக்குச் செலவழிக்கிற காசில் ஒரு வேலைக்கூடம் போட ஏலாதா? ஒரு பழைய வெளியிணைப்பு எஞ்சினை வாங்கி மேசையில வைச்சுக் கழட்டிப் பூட்டப் பழக்க ஏலாதா?" பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உங்கட அம்மா அப்பா இருந்தால் அவையும் கேட்கட்டும். கேட்டால் என்ன சொல்லுவினம் என்று எனக்குத் தெரியும். "தம்பி, இதெல்லாம் பிறகு பாப்பம்." பிறகு எப்ப என்று திகதி கேளுங்கோ. கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கோ.