கட்டுடலுக்குள் ஒளியும் கூச்சம்

அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவருடைய சகாக்களும் பாஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரங்களில் உடற்கட்டில் இறங்கியிருந்த 108 ஆண்களைப் பேட்டி கண்டு, 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 9 பேர் சொன்னது விசித்திரமாக இருந்தது. கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம் அவர்களுக்கு. ஆனாலும், தாங்கள் ஒல்லிப்பிச்சானாக, சோப்ளாங்கியாகத் தெரிவதாகவே நம்பினார்கள். விருந்துக்குக் கூப்பிட்டால் தட்டிக்கழித்தார்கள். கடற்கரைப் பக்கம் தலைகாட்டவில்லை. கொளுத்தும் கோடையிலும் கனத்த உடைகளை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகிவிட்ட பெண், கண்ணாடியில் தன்னைக் குண்டாகப் பார்ப்பது அனோரெக்சியா. இது அதற்கு நேர்மாறாக இருந்ததால் ‘தலைகீழ் அனோரெக்சியா’ என்றுதான் முதலில் அழைத்தார்கள். 1997இல் அதே குழு இதற்கு ‘மசில் டிஸ்மார்ஃபியா’ என்று பெயரிட்டது. உலகெங்கும் மனநல மருத்துவர்கள் கைக்கொள்ளும் டிஎஸ்எம் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தபோது, உடல் தோற்றம் பற்றிய மனக்கோளாறின் ஒரு வகையாக இதைச் சேர்த்துக்கொண்டது. ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்குப் பக்கத்து இருக்கை.

அந்த இடம் பொருத்தமானதுதான். ஜிம்மே கதியென்று கிடக்கிறவரைப் பார்த்து, உடம்பைக் காட்டி அலட்டுகிற ஆள் என்று ஊர் நினைக்கிறது. அலட்டுகிறவர் பனியனோடு தெருவில் நடப்பார். இந்த நோய் பிடித்தவரோ தொளதொள சட்டைக்குள் ஒளிந்துகொள்வார். கையின் சுற்றளவு அரை அங்குலம் குறைந்துவிட்டதோ என்ற சந்தேகம் வேலைக்கு நடுவிலும் அவரைக் கழிவறைக் கண்ணாடிக்கு இழுத்துக்கொண்டு போகும். பார்த்துவிட்டு வந்தால் ஐந்து நிமிட நிம்மதி, மறுபடியும் சந்தேகம். எண்ணெய் எவ்வளவு ஊற்றியிருப்பார்களோ என்று ஓட்டலில் சாப்பிட மாட்டார். தோள்பட்டையில் தசைநார் கிழிந்திருக்கும், அன்றைக்கும் பெஞ்ச் பிரஸ் போடுவார். பயிற்சி நேரத்தோடு மோதுகிறது என்று நல்ல வேலையை விட்டவர்களும் உண்டு.

எடை தூக்குகிறவர்கள் எல்லோரும் இப்படியல்லர். 2000இல் ராபர்ட்டோ ஒலிவார்டியா, போப், ஜேம்ஸ் ஹட்சன் மூவரும் இந்தக் கோளாறு உள்ள 24 பேரையும், அதே மாதிரி எடை தூக்கும் கோளாறு இல்லாத 30 பேரையும் ஒப்பிட்டார்கள். மனச்சோர்வு, பதற்றம், உணவுக் கோளாறு மூன்றும் முதல் குழுவில் வெகுவாகக் கூடியிருந்தன. இரண்டாவது குழுவினர் தங்கள் உடம்போடு சுமுகமாகவே இருந்தார்கள். ஆக, டம்பெல்லைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் ஒரே எடையைத் தூக்குகிறார்கள்; ஒருவர் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார், மற்றவர் தூங்குவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் சிக்கல்.

இன்னும் ஒருபடி மேலே போனால், வித்தியாசம் தெரிந்தாலும் கைதட்டல்தான் கிடைக்கும். முப்பத்தைந்து கிலோவுக்கு இறங்கிவிட்ட மகளைப் பார்த்தால் வீடு பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறது. நண்பன் கல்யாணத்துக்குக் கூட டப்பாவில் வேகவைத்த கோழியும் முட்டை வெள்ளைக்கருவும் எடுத்துப் போகிற மகனை, ‘என்ன கட்டுப்பாடு பாரு’ என்று மெச்சுகிறது. நோய் கேட்பதையெல்லாம் ஜிம் ஒழுக்கம் என்று பாராட்டுவதால், நோயாளிக்கே தான் நோயாளி என்று தோன்றுவதில்லை. மறைந்திருக்கும் இந்த நோயின் விலை சின்னதல்ல. தோற்றம் பற்றிய மனக்கோளாறு உள்ள 63 ஆண்களை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 14 பேருக்கு மசில் டிஸ்மார்ஃபியா இருந்தது. அந்தப் பதினான்கு பேரில் பாதிப்பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது தற்கொலைக்கு முயன்றவர்கள்.

பாதிக்கப்பட்டவரின் தலைக்குள் மட்டும் கோளாறைத் தேடினால் போதாது. அவர் கையில் இருக்கும் அளவுகோலையும் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சிறுவர்கள் வைத்து விளையாடும் ‘ஜி.ஐ. ஜோ’ என்ற சிப்பாய்ப் பொம்மையை போப் குழு அளந்து பார்த்தது. பொம்மையை ஐந்தடி பத்து அங்குல மனிதனாகக் கற்பனை செய்தால், 1964இல் அதன் புஜம் 12 அங்குலம் சொச்சம். 1990களின் தொடக்கத்தில் 16 அங்குலத்தைத் தாண்டிவிட்டது. 1998இல் வந்த ‘எக்ஸ்ட்ரீம்’ வகைக்கு ஏறக்குறைய 27 அங்குலம். பெரிய பெரிய ஆணழகர்களின் புஜத்தையே மிஞ்சும் அளவு அது.

பொம்மை தானாக வீங்கவில்லை. 1958இல் சிபா நிறுவனம் டயனபால் என்ற ஸ்டெராய்டு மாத்திரையை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தபின், மேடையில் நிற்கிற உடம்பின் கணக்கே மாறிப்போனது. கொழுப்பை நீக்கிய எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண், மருந்து தொடாத உடம்பில் பெரும்பாலும் 25ஐத் தாண்டுவதில்லை என்று 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்றைய பெரிய மேடைகளில் நிற்பவர்கள் அந்த எல்லையை எப்போதோ கடந்தவர்கள். ஊசி போட்ட உடம்பை இயற்கை என்று நம்பி, ஊசி போடாத உடம்போடு ஒப்பிடுகிற பையன் தோற்கத்தானே வேண்டும்?

யாருக்காக இந்தப் பாடு என்பதிலும் ஒரு வேடிக்கை. ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்கா மூன்றிலும் கல்லூரி ஆண்களிடம் படங்களைக் கொடுத்து, விரும்பும் உடம்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தங்களிடம் இருப்பதைவிட சுமார் 13 கிலோ கூடுதல் தசையுள்ள உடம்பைக் காட்டினார்கள். பெண்களுக்கும் அப்படித்தான் பிடிக்கும் என்றார்கள். பெண்களைக் கேட்டபோது, சாதாரண உடம்பே போதும் என்று தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த அளவுகோல் தமிழ்நாட்டுக்கும் வந்து நாளாகிவிட்டது. 2008இல் ‘வாரணம் ஆயிரம்’ படத்துக்குப் பிறகு சிக்ஸ்பேக் என்பது கதாநாயகனின் தகுதிச் சான்றிதழாகவே ஆனது. ஆணழகன் போட்டியில் ஜெயிக்கத் துடிக்கும் வடசென்னை இளைஞன்தான் ஷங்கரின் ‘ஐ’ படத்து நாயகன். 2014இல் அதன் பாடல் வெளியீட்டுக்குச் சென்னை வந்தவர் அர்னால்டு ஸ்வாஸ்நேகர். ஜிம் சுவர்களில் அவர் படம் இன்றும் தொங்குகிறது. தன் போட்டிக் காலத்தில் ஸ்டெராய்டு எடுத்ததை அவரே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த வாசகத்தைப் படத்துக்குக் கீழே எந்த ஜிம்மும் எழுதிவைப்பதில்லை.

ஸ்டெராய்டு ஊசிக்குப் போனபின் மனநோயும் உடல்நோயும் பின்னிக்கொள்கின்றன. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வெள்ளமாக வரும்போது மூளை விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. விரை சுருங்குகிறது, விந்தணு குறைகிறது. ‘சைக்கிள்’ என்கிற ஊசிச் சுற்று முடிந்து நிறுத்தியதும், ஊசி ஹார்மோனும் சொந்தச் சுரப்பும் இரண்டுமே இல்லாத ஒரு வறட்சிக் காலம் வருகிறது. அசதி, ஆசையின்மை, ஆழ்ந்த மனச்சோர்வு. கூடவே தசையும் வற்றத் தொடங்கும். கண்ணாடியைப் பார்த்தே பயப்படுகிறவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அடுத்த ஊசிக்குக் கை தானாகப் போகிறது. ஸ்டெராய்டு எடுப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதற்கு அடிமையாவதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. 2017இல் எடை தூக்கும் 140 பேரின் இதயத்தைப் பரிசோதித்தபோது, ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் ஸ்டெராய்டு எடுத்தவர்களுக்குச் சராசரியாக 52 சதவீதமாகவும் எடுக்காதவர்களுக்கு 63 சதவீதமாகவும் இருந்தது. இந்தியாவில் இதற்கு ஒரு கிளைக்கதையும் உண்டு: அறுவை சிகிச்சையின்போது இறங்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றக் கொடுக்கும் மெஃபென்டெர்மின், களைப்பு தெரியாமல் எடை தூக்க உதவும் ஊசியாக ஜிம்களுக்குள் புகுந்து, அடிமையானவர்களை மனநல மருத்துவர்களிடம் அனுப்பிவைத்திருக்கிறது.

மருந்தே தொடாதவரையும் மேடை சும்மா விடுவதில்லை. போட்டிக்குத் தயாரான ஒரு ‘நேச்சுரல்’ வீரரை ஆய்வாளர்கள் ஓராண்டு பின்தொடர்ந்து 2013இல் அறிக்கை வெளியிட்டார்கள். கொழுப்பைக் கரைக்கும் ஆறு மாத ‘கட்டிங்’கில் உடற்கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5 ஆக இறங்கியது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 53லிருந்து 27. டெஸ்டோஸ்டிரோன் நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது. மனநிலைக் குலைவைக் காட்டும் புள்ளிகள் 6லிருந்து 43 ஆக ஏறின. தூக்கும் பலமும் குறைந்தது. மேடையில் அவர் ஆண்மையின் உருவமாகத் தெரிந்த நாளில் உள்ளே ஆண்மைச் சுரப்பு அடிமட்டத்தில் கிடந்தது.

2025இல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வந்த ஆய்வு, சர்வதேசப் போட்டிகளில் பங்கேற்ற 20,286 ஆண்களைக் கணக்கெடுத்தது. 121 பேர் இறந்திருந்தார்கள். சராசரி வயது 45. ஏறக்குறைய நாற்பது சதவீதம் திடீர் இதய மரணங்கள்.  ஆனால் விபத்து, தற்கொலை, கொலை, அளவுக்கு மீறிய மருந்து என்று சுமார் 15 சதவீத மரணங்கள் தனியாக நின்றதை ஆய்வாளர்களே சுட்டிக்காட்டி, இந்தத் துறைக்கு மனநலக் கவனிப்பும் வேண்டும் என்றார்கள்.

மருந்துக்கடைச் சோதனையும் ஊக்கமருந்துப் பரிசோதனையும் தேவைதான். அவை ஊசியைப் பிடிக்கும். ஊசிக்குத் துரத்திய பயத்தைப் பிடிக்காது. தோற்றம் பற்றிய மனக்கோளாறுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், செரட்டோனினைக் கூட்டும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகளும் பலன் தருகின்றன. ஊசியை நிறுத்துகிறவருக்கு ஹார்மோன் மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து பார்த்தால்தான் அந்த வறட்சிக் காலத்தைத் தாண்ட முடியும். தடங்கல், அவர் ஆஸ்பத்திரிப் படியேறுவதே இல்லை என்பதுதான். ஏறினாலும் முகப்பருவுக்கோ குழந்தையின்மைக்கோ போவார். திட்டு விழும் என்று ஊசி விஷயத்தை விழுங்கிவிடுவார்.

அதனால் முதல் கேள்வி ஜிம்முக்குள்ளேயே கேட்கப்பட வேண்டும். காயத்தோடு எடை தூக்குகிறவரையும், ஒருநாள் விடுப்புக்கே பதறுகிறவரையும், எல்லோரும் பனியனில் நிற்கும்போது ஹூடியைக் கழற்றாதவரையும் தினமும் பார்ப்பவர் கோச். ஆணழகன் போட்டி நடத்தும் சங்கங்கள் கோச்களுக்கு இதை அடையாளம் காணச் சொல்லிக்கொடுக்கலாம். போட்டி முடிந்த வாரங்களில் வீரர்களைத் திரும்ப அழைத்து விசாரிக்கலாம். டாக்டரிடம் எந்த ஊசி, எத்தனை வாரம் என்று மறைக்காமல் சொல்ல வைப்பதும் கோச்சால் முடிகிற காரியம். பெரும்பாலும் அந்தக் கணக்கு தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.