வறட்சின்னா வெட்கப்படணுமா?

சித்திகிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். முகம் சுளிக்கறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம் :-)

சித்திக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் தாண்டி வந்துட்டாங்க. அப்புறம் தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை, அஞ்சு வருஷத்துக்கு. போன தீபாவளிக்குப் போனப்ப பார்த்தா, மாத்திரை அட்டை பிரிக்காமக் கிடக்குது. ஏன் சித்தின்னேன்.

"கீழ ஒரே எரிச்சல் கண்ணு. சித்தப்பா பக்கத்துல வந்தாலே பயமா இருக்கு. இதைப் போய் டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?"

நோய் திரும்பாம இருக்கக் கொடுத்த மாத்திரையை வெட்கம் நிறுத்திடுச்சு. அதுதான் என் கோபம்.

சித்திக்கு வந்தது ஈஸ்ட்ரோஜனால வளர்ற வகை. லெட்ரோசோல் அந்த ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை அடக்குது. யோனியை ஈரமா வெச்சிருக்கறதும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். அதனால வறட்சி. இது யாரோட தப்பும் இல்லை.

ஹார்மோன் இல்லாமலே வழி இருக்கு. யோனிக்குன்னே இருக்கற மாய்ஸ்ச்சரைசர், ஹயலூரானிக் அமிலம் கலந்ததும் கிடைக்குது. உடலுறவு இருக்கோ இல்லையோ, வாரத்துல சில நாள் தவறாமப் போடணும். லூப்ரிகண்ட் வேற, அது அந்த நேரத்துக்கு மட்டும். தண்ணீர் அல்லது சிலிக்கான் கலந்தது நல்லது. எண்ணெய் லேட்டக்ஸ் ஆணுறையைக் கிழிச்சிடும். சோப்பு, வாசனை வாஷ் எல்லாம் அங்க வேண்டாம். பயத்துல தசை இறுகி வலிச்சா, இடுப்புத்தளத் தசைக்குன்னு பிசியோதெரபி இருக்கு. வாசல்ல மட்டும் வலின்னா, உறவுக்கு முன்னாடி 4% லிடோகெய்ன் திரவத்தை 3 நிமிஷம் வெச்சா வலி குறையுதுன்னு 2015-ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது; டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க. லேசர்ல சரி பண்றோம்னு விளம்பரம் பார்த்தா உஷார். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2018-லயே எச்சரிச்சிருக்கு. ரத்தம் பட்டா உடனே டாக்டர்கிட்ட போகணும்.

அடுத்த செக்கப்புக்கு நானும் கூடப் போனேன். நான்தான் ஆரம்பிச்சேன். டாக்டர் பொறுமையா எல்லாம் விளக்கிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா"ன்னார்.

முன்னாடியே நீங்க கேட்டிருக்கலாமே டாக்டர்? தூக்கம் வருதா, பசிக்குதான்னு கேக்கறீங்க. இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக்கிட்டா என்ன? அம்பது வயசுப் பொம்பளை தானா வாய் திறக்கணும்னு காத்திருக்கறது நியாயமா?

சித்தி இப்போ மாத்திரை சாப்பிடறாங்க. உங்க வீட்லயும் ஒரு சித்தி இருந்தா, மாத்திரை போட்டாச்சான்னு மட்டும் கேட்டு நிறுத்திடாதீங்க, மக்களே.