சுவரில் மாட்டினால் போச்சு!

அமெரிக்கா என்ற பெயர் முதன்முதலில் இடம்பெற்ற உலக வரைபடம் 1507இல் வெளியானது. உருவாக்கியவர் மார்ட்டின் வால்ட்சீமுல்லர் என்ற ஜெர்மானியர். மொத்தம் 12 தாள்கள். சேர்த்து வைத்தால் எட்டடி அகலம், நாலரை அடி உயரம். ஆயிரம் பிரதிகள் அச்சடித்ததாகச் சொல்கிறார்கள். இன்று உலகத்தில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று!

மீதியெல்லாம் எங்கே போச்சு? வேண்டுமென்று யாரும் எரித்திருக்க மாட்டார்கள். இவ்வளவு பெரிய படத்தை வாங்குகிறவர் சுவரில்தான் மாட்டுவார். அப்புறம் வெளிச்சம், புகை, ஈரம், பூச்சி... அவ்வளவுதான்.

தப்பித்த பிரதி சுவருக்கே போகவில்லை. யோஹான்னஸ் ஷோனர் என்ற அறிஞர் 12 தாள்களையும் ஒட்டாமல், ஒரு பெரிய புத்தகமாகக் கட்டி வைத்திருந்தார். தெற்கு ஜெர்மனியின் வோல்ஃபெக் கோட்டையில் கிடந்த அந்தக் கட்டை 1901இல் யோசெஃப் ஃபிஷர் என்ற பாதிரியார் கண்டெடுத்தார். 2003இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை ஒரு கோடி டாலருக்கு வாங்கி, பிறகு ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டியில் வைத்தது.

அந்தப் பெட்டியைப் பார்த்து எல்லோரும் அசந்து போகிறார்கள். ஆனால் அதற்கு முன்பு பல நூறு வருஷம் அதைக் காப்பாற்றியது காசும் இல்லை, வாயுவும் இல்லை. சுருட்டாமல், வெளிச்சம் படாமல் கிடந்ததுதான். (கந்தல் துணியில் செய்த அந்தக் காலத்துக் காகிதத்துக்கும் பாதிப் புண்ணியம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வந்த மரக்கூழ்க் காகிதம் தனக்குள் இருக்கும் அமிலத்தாலேயே பழுப்பேறி நொறுங்கிவிடும்.)

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? தாத்தா கட்டிய வீட்டு பிளானோ பழைய ஊர் வரைபடமோ கிடைத்தால், பத்திரமாக இருக்கட்டும் என்று நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேஷன் போடுகிறார்கள். காசு கொடுத்து செய்கிற கெடுதல் இது. சூட்டில் உருகிய பசை காகிதத்தோடு ஒட்டிக்கொண்டால் திரும்பப் பிரிக்க வழியில்லை. உள்ளே இருக்கும் அமிலமும் அங்கேயேதான் இருக்கும். ஆவணக் காப்பகங்களில் பாலியெஸ்டர் உறைக்குள் செருகி வைக்கிறார்கள். அது காகிதத்தோடு ஒட்டாது, நாளைக்கே வெளியே எடுக்கலாம்.

ஸ்கேன் பண்ணியாச்சே, காகிதம் எதற்கு என்று கேட்பார்கள். ஃபிளாப்பியில் சேமித்ததை இன்று எத்தனை பேரால் திறக்க முடிகிறது? ஸ்கேன் அவசியம்தான், அடிக்கடி அசலைத் தொடாமல் இருப்பதற்காக.

பெரிய அட்டைப்பெட்டி ஒன்று, தரையில் படாமல் பீரோவுக்கு மேலே. ஒழுகாத கூரையாக இருந்தால் அதுவே போதும். அம்மோனியா பிரிண்ட் இருந்தால் மட்டும் தனியாக வையுங்கள். அதிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் இருக்கும் தாள்களையும் கறையாக்கிவிடும்.