தவணைக்கு அவகாசம் தந்தார்கள். வாசலுக்கு வந்தவரை யார் தடுத்தது?

2020 மார்ச் 25 முதல் நாடு முடங்கியது. இரண்டே நாளில், மார்ச் 27 அன்று, கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசத்தை ரிசர்வ் வங்கி அறிவித்தது. பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் தமிழகத்தின் பல மாவட்டங்களில் மகளிர் குழுப் பெண்கள், தவணை கேட்டு நெருக்குகிறார்கள் என்று ஆட்சியர் அலுவலகங்களில் மனுவோடு நின்றார்கள். அவகாசம் இருந்தும் நெருக்கடி ஏன் ஓயவில்லை?

முதல் காரணம், அந்த அறிவிப்பு ஓர் அனுமதி மட்டுமே. அவகாசம் தரலாம் என்றதே தவிர, தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. முடிவு கடன் கொடுத்தவரின் கையில் விடப்பட்டது.

இரண்டாவது, தவணைதான் நின்றது. வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அவகாசக் காலத்துக்கு எந்தக் கடனாளியிடமும் வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021 மார்ச் 23 அன்றுதான். வட்டியை முழுமையாகத் தள்ளுபடி செய்ய நீதிமன்றம் மறுத்துவிட்டது.

மூன்றாவது, குழுக் கடனின் அமைப்பே அப்படி. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். எனவே நிறுவனத்தின் ஊழியர் அதட்ட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணே வந்து கேட்பார். கூட்டம் கூடாதீர்கள் என்று அரசு சொன்ன நாளில், தவணைக்காக வீடு வீடாக ஏறுவது மானத்தோடு உடல்நலத்தையும் பணயம் வைத்தது.

நுண்கடனுக்கான விரிவான விதிகள் 2022 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. மிரட்டல், தகாத பேச்சு, உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொந்தரவு செய்தல், பெயரை ஊரறிய வெளியிடுதல் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைகளுக்குப் போகும்படி கடன் தரவும் கூடாது. 2025-ல் தமிழக சட்டமன்றமும் வற்புறுத்தி வசூலிப்பதற்கு எதிராகத் தனிச் சட்டம் நிறைவேற்றியது.

இவை நல்ல மாற்றங்கள். ஆனால் அடுத்த பெருந்தொற்றுக்கு இவை போதா. அவகாசம் மனு இல்லாமல் தானாகக் கிடைக்க வேண்டும். வட்டிக்கு வட்டி இல்லை என்பதை அறிவிப்பிலேயே எழுத வேண்டும். அவசர நிலை முடியும்வரை வீடு தேடி வருவதை நிறுத்த வேண்டும். இவற்றை இப்போதே சட்டமாக்கி வைக்க வேண்டும் என்று நாம் கோருகிறோம்.

வாங்கிய கடனைத் திருப்பித் தருவது கடமை. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நெருக்கடியில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தருவதும் கடமைதான் என்பதைத் திருக்குர்ஆனின் 2:280-ஆவது வசனம் நமக்கு உணர்த்துகிறது.

குடும்பங்கள் செய்ய வேண்டியது எளிது. கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். தொல்லை தந்தால் தேதி, நேரம், பேசிய சொற்களைக் குறித்து வைத்து, முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் முறையான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், கட்டணம் இல்லை. மிரட்டல் என்றால் காத்திருக்காமல் காவல் நிலையம் செல்லுங்கள். மஹல்லா ஜமாஅத்துகள் புகார் எழுதித் தர படித்த இளைஞர் இருவரை நியமித்தாலே போதும், பல வீடுகளில் பயம் குறையும்.