நமக்கு இனிப்பு, நாய்க்கு நஞ்சு

சூளூர்பேட்டையில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் விருந்தினர் வருகைக்குக் குறைவே இல்லை. ஸ்ரீஹரிக்கோட்டை ஏவுதளத்தில் பணியாற்றுவோர், வணிகர், ஆசிரியர் எனப் பலதிறத்தினராய் நாம் இங்கு வாழ்ந்தாலும், விடுமுறை வந்துவிட்டால் சென்னையிலிருந்து உறவினர் வருவதும், சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ பை நிறையச் சாக்லேட் கொணர்வதும் எல்லா வீடுகளுக்கும் பொதுவான நிகழ்ச்சிகள். அந்தப் பையைக் குறித்தே இத்திங்கள் ஒரு சொல் சொல்ல விழைகிறோம்.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. அவ்வீட்டில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுக்கு உற்ற தோழனாக ஐந்து கிலோ எடையுள்ள சிறு நாய் ஒன்று. ஒரு நாள் மாலை நான்கு மணியளவில், மாமா கொண்டுவந்த 100 கிராம் கறுப்புச் சாக்லேட்டில் பாதியைத் தான் உண்டு, மறுபாதியை நாய்க்கு ஊட்டினாள் அச்சிறுமி. தனக்கு இனித்தது தன் தோழனுக்கும் இனிக்கட்டும் என்னும் அன்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

இரவு பத்து மணிக்கு நாய் வாந்தி எடுத்தது. ஓயாமல் தண்ணீர் குடித்தது. ஓரிடத்தில் படுக்க இயலாமல் வீடெங்கும் அலைந்தது. “எதைத் தின்று தொலைத்ததோ!” என்று தந்தையார் சினந்து உரைத்ததைக் கேட்ட சிறுமி, அஞ்சி வாய் திறக்கவில்லை. வெயிலின் கொடுமையாக இருக்கலாம் என்று எண்ணி மோர் புகட்டினர். விடியற்காலையில் நாயின் கால்கள் நடுங்கத் தொடங்கின. அப்பொழுதுதான் அக்குழந்தை அழுதுகொண்டே உண்மையைக் கூறினாள்.

நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினர். அவர் தெலுங்கில், “எந்த தின்னதி?” என்று வினவினார். ஊருக்குப் புதியவராகிய தந்தையார், எந்தச் சாக்லேட் என்று கேட்பதாகக் கருதி, மேலுறையை எடுத்து நீட்டினார். மருத்துவர் கேட்டதோ ‘எவ்வளவு தின்றது’ என்பது. தெலுங்கில் ‘எந்த’ என்றால் ‘எவ்வளவு’ என்று பொருள். பிறகு, “எப்புடு?” என்று கேட்டார். எப்பொழுது என்பது அதன் பொருள்.

இரு மொழிகளுக்கும் இடையே நேர்ந்த இச்சிறு பிழையில் ஒரு பேருண்மை அடங்கியுள்ளது. எந்தச் சாக்லேட், எவ்வளவு, எப்பொழுது ஆகிய மூன்று வினாக்களின் விடைகளைக் கொண்டே மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்கிறார்.

காரணம் யாது? கொக்கோ விதையில் தியோபுரோமைன் என்னும் பொருளும், அதனுடன் சிறிதளவு காஃபீனும் உள்ளன. மனித உடல் தியோபுரோமைனை நாயின் உடலைவிட விரைவாகக் கழித்துவிடுகிறது. நாயின் உடலிலோ அதன் அளவு பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 17 மணி நேரம் செல்கிறது. ஆகவே அது தங்கி நின்று இதயத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது.

நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் சென்றால் வாந்தியும் பேதியும் அமைதியின்மையும் தோன்றலாம். 40 முதல் 50 மில்லிகிராம் சென்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60 மில்லிகிராமைத் தாண்டினால் வலிப்பு வரலாம். 100 கிராம் பால் சாக்லேட்டில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் தியோபுரோமைன் உண்டு. கறுப்புச் சாக்லேட்டிலோ 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்டு. கேக் செய்யப் பயன்படும் கொக்கோத் தூள் இவற்றினும் கொடியது. அதில் ஒரு கிராமிலேயே ஏறத்தாழ 20 மில்லிகிராம் உண்டு. சிறுமி ஊட்டிய 50 கிராம் கறுப்புச் சாக்லேட், ஐந்து கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஆயிற்று. அதே அளவு பால் சாக்லேட்டை இருபது கிலோ நாட்டுநாய் தின்றிருந்தால் பெரும்பாலும் தீங்கின்றித் தப்பியிருக்கும். வெள்ளைச் சாக்லேட்டில் இந்நஞ்சு மிகமிகக் குறைவு. எனினும் அதிலுள்ள கொழுப்பு வயிற்றைக் கெடுக்கும்.

இனிச் செய்ய வேண்டுவது யாது? நாய் நலமாகத் தோன்றுகிறதே என்று காத்திருத்தல் ஆகாது. அறிகுறிகள் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே வெளிப்படும். ஆனால் வாந்தி எடுக்கச் செய்து நஞ்சை வெளியேற்றும் சிகிச்சை, உண்ட ஓரிரு மணி நேரத்துக்குள் செய்தால்தான் நன்கு பயன் தரும். எஞ்சிய சாக்லேட்டையும் மேலுறையையும் கையில் எடுத்துக்கொண்டு, மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, நாயின் எடையையும் அம்மூன்று விடைகளையும் கூறுங்கள்.

உப்புக் கரைசல் புகட்டுவதும் தொண்டையில் விரல் விடுவதும் கூடவே கூடா. உப்பே மற்றொரு நஞ்சாகிவிடும். மோரும் இளநீரும் இந்நஞ்சை முறிக்கமாட்டா. இதற்கு மாற்று மருந்து கிடையாது. மருத்துவர் கரி மருந்து கொடுத்து, நரம்புவழி நீர் ஏற்றி, நடுக்கத்தையும் இதயத் துடிப்பையும் அடக்கி, நஞ்சு கழியும்வரை உயிரைக் காத்து நிற்பார். சிறுநீர்ப்பையில் தங்கும் நஞ்சு மீண்டும் உடலில் ஊறுமாதலால், நாயை அடிக்கடி சிறுநீர் கழிக்கச் செய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

உள்ளூர் மருத்துவரின் எண்ணைச் சமையலறைச் சுவரில் இன்றே எழுதி ஒட்டுங்கள். நோய் முற்றினால் செல்லத் திருப்பதியில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. சென்னை வேப்பேரியில், 1903-ஆம் ஆண்டு தோன்றிய கல்லூரியின் மருத்துவமனை உண்டு. ஆயினும் இரண்டும் நெடுந்தொலைவு; முதலுதவி இவ்வூரில்தான் கிடைக்க வேண்டும்.

சாக்லேட்டை மேசைமேல் வையாது, மூடியுள்ள அலமாரியில் உயரத்தில் வையுங்கள். உலர்ந்த திராட்சையும் வெங்காயமும், சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டாலும் நாய்க்கு ஆகாதவை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

அந்த நாய் இரண்டு நாள் துன்புற்றுப் பிழைத்துக்கொண்டது. ஆயினும் அத்தந்தையார் நம்மிடம் கூறியது வேறு: “இரவு பத்து மணிக்கே குழந்தை சொல்லியிருப்பாள், ஐயா. என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவில்லை.”

பெற்றோர்களே, இன்றிரவு உணவின்போது உங்கள் பிள்ளைகளிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். நாய்க்குச் சாக்லேட் தரலாகாது என்பது ஒன்று. தவறித் தந்துவிட்டால், உடனே வந்து சொல்லும் பிள்ளையை இவ்வீட்டில் எவரும் கடியமாட்டார் என்பது மற்றொன்று. இரண்டாவதை அவர்கள் நம்பும்படி சொல்லுங்கள்.